பாதியில் எழுந்து போன மாணவன்

திருவண்ணாமலையின் அண்மைக்கால வரலாற்றில் ஒரு துண்டுக் காகிதத்திற்குத் தனி இடமுண்டு. குருமூர்த்தம் என்னும் சமாதிக் கோயிலில் 1897-ஆம் ஆண்டு பேசாத இளைஞர் ஒருவர் அமர்ந்திருந்தார். ஊரார் அவரைப் பிராமண சுவாமி என்று அழைத்தனர். அவருடைய பெயரும் ஊரும் எவருக்கும் தெரியவில்லை. நாள்தோறும் வந்து அவரை வணங்கிச் சென்றவர்களில் ஒருவர் தாலுகா அலுவலகத் தலைமைக் கணக்கர் வேங்கடராமய்யர். பெயரையும் ஊரையும் அறியாமல் இடத்தைவிட்டு எழுவதில்லை, அலுவலகத்துக்குத் தாமதமானாலும் சரி, பட்டினி கிடக்க நேர்ந்தாலும் சரி என்று அவர் ஒருநாள் உட்கார்ந்துவிட்டார். மனமிரங்கிய இளைஞர் காகிதத்தில் ஆங்கிலத்தில் எழுதினார்: வெங்கடராமன், திருச்சுழி. திருச்சுழி என்பது எந்த ஊர் என்று கணக்கருக்கு விளங்கவில்லை. அருகிலிருந்த பெரிய புராண நூலைப் புரட்டி, சுந்தரர் பாடிய தலம் அது என்று இளைஞர் சுட்டிக் காட்டினார்.

பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகறிந்த அவருடைய வாழ்க்கை வரலாறுகள் பலவும் இந்நிகழ்ச்சியைக் கூறுகின்றன. நமக்கு இங்கே முக்கியமானது, அவர் ஆங்கிலத்தில் எழுதினார் என்பதே. கோவணமும் சடைமுடியுமாக இருந்தவருக்கு ஆங்கிலம் தெரியும் என்பது சுற்றியிருந்தோருக்கு வியப்பாயிருந்தது. அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்தாம். ஆயினும் பள்ளிக்கூடம் அவர் கையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

அந்தப் பள்ளி மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளி. திருச்சுழியில் தொடக்கக் கல்வி, திண்டுக்கல்லில் சிறிது காலம், 1892-இல் தந்தை சுந்தரமய்யர் மறைந்தபின் மதுரையில் சிற்றப்பா சுப்பய்யர் வீட்டிலிருந்து ஸ்காட் நடுநிலைப் பள்ளி, அதன்பின் அமெரிக்க மிஷன் என்று வெங்கடராமனின் கல்வி நகர்ந்தது. ஒருமுறை கேட்டதைத் திருப்பிச் சொல்லும் நினைவாற்றல் இருந்தது. பாடத்தில் நாட்டம் இல்லை. கால்பந்து, மல்யுத்தம் ஆகியவற்றில் தேர்ந்த பையன். விழித்திருக்கும்போது அவனிடம் வம்புக்குப் போகத் துணியாத தோழர்கள், அவன் தூங்கும்போது வேண்டிய இடத்துக்குத் தூக்கிச் சென்று அடித்துவிட்டுப் பழையபடி கொண்டுவந்து கிடத்துவார்களாம். அவனுக்கு எதுவுமே தெரியாதாம்!

1896 ஆகஸ்டு 29 அன்று, பெயின் என்பாரின் ஆங்கில இலக்கணத்தில் ஒரு பாடத்தை மூன்று முறை எழுதும் தண்டனை வேலை அவன்முன் கிடந்தது. இரண்டு முறை எழுதியவன் மூன்றாவதை எழுதவில்லை. காகிதங்களைத் தள்ளிவிட்டுக் கண்மூடி அமர்ந்தவனை, இப்படிப்பட்டவனுக்குப் படிப்பு எதற்கு என்ற பொருளில் அண்ணன் நாகசுவாமி கடிந்துகொண்டார். அந்தக் கடிதல் சரியானதே என்று தம்பிக்குப் பட்டது. பள்ளியில் மின்சாரம் பற்றிய சிறப்பு வகுப்பு இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினான். அப்படியானால் போகிற வழியில் என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடு, பெட்டியில் ஐந்து ரூபாய் இருக்கிறது என்றார் அண்ணன். மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, கட்டணம் கட்டப்படவில்லை, இரண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறது என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனான். சீட்டில் கையொப்பம் இல்லை. ஒரு துறவின் தொடக்க ஆவணத்தில் கல்விக் கட்டணக் கணக்கு துல்லியமாகக் குறிக்கப்பட்டிருப்பதை நாம் எப்போது படித்தாலும் ஒரு கணம் நின்று விடுகிறோம். செப்டம்பர் முதல் நாள் அவன் திருவண்ணாமலையை அடைந்தான்.

முன்னாள் மாணவர் சங்கம் என்ற அமைப்பு அக்காலத்துத் தமிழ்நாட்டுக்கு அந்நியமன்று. அமெரிக்காவில் வில்லியம்ஸ் கல்லூரியின் பழைய மாணவர்கள் 1821-லேயே கூடிச் சங்கம் கண்டனர். வில்லியம் மில்லர் தலைமையிலிருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அத்தகைய சங்கம் 1891-இல் தோன்றிவிட்டது. முகவரிகளைத் திரட்டுவது, ஆண்டுக்கொருமுறை கூடுவது, பயின்ற இடத்துக்கு ஏதேனும் திருப்பித் தருவது என்னும் மூன்றும் அன்று முதல் இன்றுவரை இச்சங்கங்களின் வேலைகள். ஆனால் சங்கங்கள் மனிதர்களை ஆண்டுத் தொகுதிகளாகவே எண்ணுகின்றன. இன்ன வருடம் முடித்தவர் என்பதே உள்ளே நுழையும் சீட்டு. தண்டனைப் பாடத்தை முடிக்காமல், அண்ணன் கட்டணத்தில் கைவைத்து, பத்தாம் வகுப்பிலிருந்து எழுந்து போன ஒருவனை எந்தத் தொகுதியில் சேர்ப்பது?

சங்கமில்லாமலேயே அவன் கண்டுபிடிக்கப்பட்டான் என்பதுதான் நாம் சொல்ல வந்த கதை.

1898 மே மாதம் மதுரையில் சுப்பய்யர் இறந்தார். அதற்கு வந்திருந்த உறவினர்களிடம் திருச்சுழி இளைஞன் ஒருவன் செய்தியொன்றைக் கொண்டுவந்தான். மதுரை மடமொன்றில் அண்ணாமலைத் தம்பிரான் என்பவர், திருவண்ணாமலையில் இருக்கும் இளம் சுவாமி ஒருவரைப் பற்றிப் பக்தியோடு பேசிக் கொண்டிருந்தார். அந்தச் சுவாமியின் ஊர் திருச்சுழி என்பதைக் கேட்டு மேலும் விசாரித்தபோது அவர் நம் வெங்கடராமனே என்று தெரிந்தது என்றான். தம்பிரான் குருமூர்த்தத்தைச் சேர்ந்தவர். கணக்கர் பிடிவாதம் பிடித்து வாங்கிய அந்த ஆங்கிலத் துண்டுச் சீட்டிலிருந்து தம்பிரான் வாய்க்கும், அங்கிருந்து மதுரை மடத்துக்கும், மடத்திலிருந்து ஊர்க்காரன் காதுக்கும் ஒரு முகவரி பயணம் செய்திருக்கிறது. மானாமதுரையில் வழக்குரைஞராயிருந்த மற்றொரு சிற்றப்பா நெல்லியப்பய்யர் உடனே புறப்பட்டு வந்து பார்த்தார். ஆண்டின் இறுதியில், கிறிஸ்துமஸ் விடுமுறையில், தாய் அழகம்மாளும் நாகசுவாமியும் வந்தனர். மகன் திரும்பவில்லை. நாகசுவாமி 1900-இல் காலமானார்.

உறவினரை அடுத்துப் பள்ளித் தோழர்கள் வந்தார்கள். வரலாறுகள் இவர்களை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த பால் பிரண்டனுக்கும் சாமர்செட் மாமுக்கும் கிடைத்த பக்கங்களில் பத்தில் ஒரு பங்கும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது நம் குறை. மற்றவர் எல்லாரும் ஒரு மகானைக் காண வந்தார்கள். இவர்களோ தங்கள் வகுப்பில் இருந்த ஒரு பையன் என்ன ஆனான் என்று பார்க்க வந்தவர்கள். இரண்டும் ஒன்றல்ல.

மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியைச் சேர்ந்த ரங்கய்யர் அவர்களுள் முதன்மையானவர். இளமைத் தோழர்; பள்ளியிலும் உடன் படித்தவர். இரவில் வீட்டார் உறங்கியபின் வைகை மணலுக்கு விளையாடப் போன கூட்டத்தின் நினைவுகள் இன்று நமக்குக் கிடைப்பதற்கு இத்தகையோரின் நாவே காரணம். அவருடைய அண்ணன் மணி முரட்டு ஆசாமி. தாயுடன் தல யாத்திரை வந்தவர், அந்தப் போலிச் சாமியாரைக் காதைப் பிடித்து மதுரைக்கு இழுத்துப் போகிறேன் பார் என்று வீறாப்புடன் மலையேறினார் என்றும், நேரில் கண்டபின் அவரே அடியவராகிவிட்டார் என்றும் சொல்வார்கள். பக்தர் கூறும் மனமாற்றக் கதைகளை நாம் சற்றுத் தள்ளிவைத்தே படிப்பது வழக்கம். எனினும் அந்தக் காதைப் பிடித்து என்ற சொல்லில் பழைய விளையாட்டுத் திடலின் உரிமை அப்படியே இருக்கிறது. சுவாமியைக் காதைப் பிடித்து இழுக்க நினைப்பதற்கு அவரைச் சிறுவனாக அறிந்திருக்க வேண்டும்.

இன்னொருவர் அப்துல் வகாப். தோழர்களுக்கு அவர் சாப் ஜான். வெங்கடராமனுடன் கால்பந்து ஆடியவர். பின்னாளில் காவல் துறையில் பணிபுரிந்தார். திருப்பரங்குன்றத்தைச் சுற்றி வரும்போது வெங்கடராமன் தம்மையும் அழைத்துச் சென்றதுண்டு என்று அவர் நினைவு கூர்ந்திருக்கிறார். தோழன் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு படத்தைப் பார்த்து, இவன் நம்மோடு பந்தாடியவன் அல்லவா என்று அடையாளம் கண்டு தேடி வந்தவர் அவர். காவல் துறையில் இருந்தவர் ஒருவர் காணாமற்போன தோழனை இப்படிக் கண்டுபிடித்தது நமக்குச் சிறிது புன்னகையையும் தருகிறது. எந்த ஆண்டு விழாவும் அழைப்பிதழும் அவரைத் திருவண்ணாமலைக்குக் கொண்டுவரவில்லை. ஒரே அணியில் ஆடியிருந்தது போதுமானதாக இருந்தது.

வந்தவர்களிடம் அவர் பள்ளிக்கூடத்தை மறைத்ததில்லை. ஆசிரமம் மலையடிவாரத்தில் அமைந்தபின், சூரி நாகம்மா 1945 முதல் எழுதிய தெலுங்குக் கடிதங்களில், அந்தத் தூக்கக் கதையும் ஆற்று மணல் ஆட்டங்களும் சிரிப்போடு சொல்லப்படுவதைப் பார்க்கிறோம். ஐம்பதாண்டு கடந்தும் பள்ளிப் பருவம் அவர் பேச்சில் துலக்கமாகவே இருந்தது.

இன்று திருவண்ணாமலையிலும் மற்ற ஊர்களைப் போலவே பழைய மாணவர் சந்திப்புகள் நடக்கின்றன. ஒரே நிறச் சட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியருக்குப் பொன்னாடை, பள்ளிக்கு ஒரு பீரோவோ குடிநீர் இயந்திரமோ, மதியம் விருந்து, குழுப்படம் என்று முறை ஒன்று உருவாகிவிட்டது. அரசும் இந்த உறவின் பயனை அறிந்து, 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, பழைய மாணவர் உள்ளிட்டோரின் கொடைக்கு வழி செய்தது. 2024-இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மாற்றியமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் அவற்றில் இடமளிக்கப்பட்டது. இவையெல்லாம் நல்லவையே; கூரை ஒழுகும் வகுப்பறைக்கு நினைவுகள் போதா.

ஆனால் அந்தக் குழுப்படங்களை உற்றுப் பார்த்தால் யார் இல்லை என்பதும் தெரியும். எட்டாம் வகுப்பில் நின்றவர், கட்டணம் கட்ட இயலாமல் விலகியவர், மணமாகி ஊர் மாறிய பெண், தேர்வில் தவறி நாணத்தால் ஒதுங்கியவர் ஆகியோரின் பெயர்கள் தேர்ச்சிப் பட்டியலில் இல்லை. அதனால் அழைப்புப் பட்டியலிலும் இல்லை. அவர்களை நினைவில் வைத்திருப்பவர் உடன் அமர்ந்திருந்த ஓரிருவர் மட்டுமே. பட்டியல் தயாரிக்கும்போது, நம்முடன் கடைசிப் பெஞ்சில் ஒருவன் இருந்தானே, அவன் எங்கே என்று கேட்கும் குரல் ஒன்று அக்கூட்டத்தில் எழுகிறதா என்பதை வைத்தே அச்சங்கத்தை நாம் மதிப்பிடுவோம். மதுரையில் அப்படிக் கேட்டவர்கள் ரங்கய்யரும் சாப் ஜானும்.

நாகசுவாமியின் அந்த மாதக் கட்டணம் பின்னர் எப்படிக் கட்டப்பட்டது என்பதை வாழ்க்கை வரலாறுகள் கூறவில்லை.