எல்லை தாண்டிய கத்தரிக்காய்

நெல்லைச் சீமையில் ஒரு கத்தரிக்காய் உண்டு. பால் போல வெள்ளை, முட்டை வடிவம், கொத்துக் கொத்தாகக் காய்க்கும். குளத்தூர் நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து, 'கே.கே.எம்.-1' என்று பெயர் சூட்டியது வல்லநாடு பக்கம், தாமிரபரணிப் படுகையில் இருக்கும் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி.

இந்த அப்பாவிக் காய்க்கும் சர்வதேச ஒப்பந்தங்களுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது!

கத்தரிக்குப் பரம எதிரி, தண்டையும் காயையும் துளைக்கும் புழு. மருந்து அடித்து அடித்தே விவசாயி ஓய்ந்து போவார். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைக் கத்தரிக்குள் புகுத்தினால், கடிக்கிற புழு செத்துவிடும். அதுதான் பி.டி. கத்தரி. மஹிகோ நிறுவனத்திடமிருந்து அந்த மரபணுவைப் பெற்ற கோவை வேளாண் பல்கலைக்கழகம், நான்கு உள்ளூர் ரகங்களில் அதைச் சேர்த்தது. நால்வரில் ஒருவர், நம்ம கே.கே.எம்.-1!

அதே மரபணு வங்கதேசத்துக்கும் போனது. கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது.

2009 அக்டோபரில் டெல்லியின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அவசரப்படவில்லை. கொல்கத்தா தொடங்கி பெங்களூர் வரை ஏழு நகரங்களில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். கூச்சல், வாக்குவாதம் எல்லாம் நடந்தன. 2010 பிப்ரவரி 9 அன்று, 'இப்போதைக்கு வேண்டாம்' என்று நிறுத்தி வைத்தார். நம் நாட்டில் கத்தரியில் எத்தனையோ ரகங்கள். அவற்றோடு இது கலந்துவிட்டால்?

பக்கத்து வீடு வேறு மாதிரி யோசித்தது. 2013 அக்டோபரில் அனுமதி. 2014 ஜனவரியில் 20 விவசாயிகள் கையில் நாற்று!

இரு நாடுகளுக்கும் நடுவே 4,096 கிலோமீட்டர் எல்லை. முள்வேலி மனிதனைத் தடுக்கும். தேனீயையும், மடியில் முடிந்த ஒரு பிடி விதையையும் தடுக்குமா?

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ல் ஏற்கப்பட்டு 2003-ல் நடைமுறைக்கு வந்த கார்ட்டஹேனா ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் உண்டு. மரபணு மாற்றிய உயிர் தற்செயலாக எல்லை தாண்டி ஆபத்து விளைவிக்கும் என்றால், பக்கத்து நாட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது அதன் 17-வது பிரிவு. சரி. ஆனால், 'சொல்' என்கிறதே தவிர, 'சேர்ந்து முடிவெடு' என்று சொல்லவில்லை!

நெல்லைக்காரர்களுக்கு டாக்காவைவிடக் கொழும்புதானே பக்கம்? அங்கேயும் ஒரு கதை. மரபணு மாற்றிய உணவுக்கு 2001-ல் தடை கொண்டுவந்த இலங்கை, வர்த்தக நெருக்கடி வந்ததும் அதே ஆண்டு அதை ஒத்திவைத்தது. தனியாக நின்ற சின்ன நாடு என்ன செய்யும்?

தடை போட்டால் மட்டும் போதுமா? 2019-ல் ஹரியானாவின் ஃபதேஹாபாத்தில், அனுமதியே இல்லாத பி.டி. கத்தரி வயலில் காய்த்துக் கிடந்தது. சோதித்து உறுதி செய்து, அழித்தார்கள். கத்தரிக்காய் முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும்!

வேண்டுமா, வேண்டாமா என்பதில் நீங்களும் நானும் சண்டை போட்டுக்கொள்ளலாம். ஆனால் வங்கதேச வயல்களில் பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரு பரிசோதனை நடந்துகொண்டிருக்கிறது. மருந்துச் செலவு குறைந்ததா, புழு பழகிக்கொண்டதா, நாட்டு ரகம் என்ன ஆயிற்று... இதையெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பேச வேண்டாமா?

அடுத்த முறை கூட்டாஞ்சோற்றுக்கு வெள்ளைக் கத்தரி நறுக்கும்போது கொஞ்சம் யோசியுங்கள். விதைக்கு பாஸ்போர்ட் கிடையாது.