காற்றை நிறுத்தும் கருவி

ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி என்று விரியும் கரிசலில் மானாவாரியாக விளைகிற பருத்திக்கு வறட்சி பழகிப்போன ஒன்று. மண் வெடித்துக் கிடக்கும்போதும் கருங்கண்ணிச் செடி காய் பிடிக்கும். அதே பருத்தி ஆலைக்குள் போய்விட்டால் வறண்ட காற்றைத் தாங்காது. ஈரப்பதம் குறைந்தால் நூல் அறும். இழைகளில் நிலைமின்சாரம் ஏறி உருளைகளைச் சுற்றிக்கொள்ளும். கூடம் முழுக்கப் பஞ்சு பறக்கும். நூற்கும் பிரிவில் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம் வரையாவது வேண்டும். சித்திரை மாதத்துக் கோவில்பட்டிக் காற்று அதைத் தானாகத் தந்துவிடாது. அதனால்தான் இங்குள்ள பஞ்சாலைகளில் ‘ஹெச் பிளான்ட்’ என்று தனியாக ஓர் இடம் இருக்கிறது. அங்கே பெரிய விசிறிகள் ஆலைக் காற்றை உறிஞ்சி, பறக்கும் பஞ்சை வடிகட்டி, நீர்த்தூவலுக்குள் விட்டு எடுத்து, தகரக் குழாய்கள் வழியே மறுபடி கூடத்துக்குள் அனுப்புகின்றன. மில்காரர்களும் ஏசி மெக்கானிக்குகளும் ‘டக்ட்’ என்று சொல்லும் அந்தக் குழாயில் மாட்டப்படுகிற ஒரு சிறு கருவியின் பிறந்த கதை இது.

முதலில் டக்டில் ஓடும் பதப்படுத்திய காற்று பிறந்ததைச் சொல்ல வேண்டும். 1902இல் வில்லிஸ் கேரியர், நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காகக் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை வடிவமைத்தார். அடுத்த நான்கு ஆண்டுகளில் அது பருத்தியிடம் வந்து சேர்ந்தது. வட கரோலினாவின் சார்லட் நகரில் பஞ்சாலைகளுக்கு வேலை செய்துவந்த ஸ்டூவர்ட் கிராமர், ஆலைக் காற்றைப் பதப்படுத்தும் தம் முறைக்கு 1906இல் ‘ஏர் கண்டிஷனிங்’ என்று பெயர் வைத்தார். திருநெல்வேலியின் துணிக்கடையிலும் மதுரையின் மருத்துவமனையிலும் நம்மீது படுகிற குளிர்ந்த காற்றுக்கு, நூல் அறாமல் காக்க நினைத்தவர்களும் முன்னோர்தான்.

அதே பருத்திக்குத் தீ என்றால் தனிப் பயம். பொதிக்குள் ஓர் ஆணியோ கல்லோ கிடந்து, பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமின் இரும்புப் பற்களில் உரசினால் பொறி பறக்கும். பஞ்சு உடனே கொழுந்துவிட்டு எரிய வேண்டும் என்பதில்லை. பொதியின் நடுவில் கங்காகக் கனன்றபடி மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் கிடக்கும். தீயணைப்புக் கருவிகளில் பலவும் பஞ்சாலைகளை நம்பித்தான் வளர்ந்தன. பிரெடரிக் கிரினெல் 1881இல் கொண்டுவந்த தானியங்கி நீர்த்தெளிப்பானுக்கு நியூ இங்கிலாந்தின் ஆலைகள்தான் பெரிய சந்தை.

ஆனால் நீர்த்தெளிப்பான் வெப்பத்தைத்தான் அறியும். டக்டுக்குள் நடப்பது வேறு. அங்கே விசிறி புகையை இழுத்து, மற்ற காற்றோடு கலந்து, குளிரச் செய்து, தொலைவில் கொண்டுபோய் விடுகிறது. ஒரு மூலையில் கனலும் பஞ்சின் புகை, தீயே இல்லாத இன்னொரு கூடத்துக்குச் சில விநாடிகளில் வந்துவிடும். டக்ட் ஓடும் சுவர்களில் முதலில் வைத்த காவல், உருகும் உலோக இணைப்பில் தொங்கும் கதவு. ஏறக்குறைய 74 டிகிரி செல்சியஸில் அந்த இணைப்பு உருகும், கதவு விழுந்து வழியை அடைக்கும். நெருப்பைத் தடுக்க அது உதவியது. புகையைத் தடுக்கவில்லை. 74 டிகிரி வருவதற்குள் மறுமுனையில் நிற்பவர் மயங்கி விழுந்திருப்பார்.

ஓட்டப்பிடாரத்தைச் சொல்லிவிட்டு, மறுமுனையில் நிற்பவர் யார் என்பதைப் பேசாமல் போக எனக்கு மனம் வரவில்லை. ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ.சிதம்பரனார், 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களோடு நின்று வேலைநிறுத்தம் நடத்தினார். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்கள் கேட்டவை. ஆலைக்குள் உழைப்பவரின் உடம்பு எண்ணத்தக்கது என்று இந்தப் பக்கத்தில் உரக்கச் சொன்ன போராட்டம் அது. டக்டில் புகை உணரும் கருவியை நான் அந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறேன். நீர்த்தெளிப்பான் கட்டடத்தையும் சரக்கையும் காக்கிறது. இது மூச்சைக் காக்கிறது.

புகையை உணரும் அறிவு பிறந்தது தற்செயலாக. 1930களின் பிற்பகுதியில், ஐரோப்பா அடுத்த போரை எதிர்பார்த்திருந்த நேரம், சுவிட்சர்லாந்தின் இயற்பியலாளர் வால்ட்டர் யேகர் விஷவாயுவைக் காட்டிக்கொடுக்கும் கருவி செய்ய முயன்றார். கதிரியக்கப் பொருளால் காற்றை அயனிகளாக்கி ஒரு சிறு மின்னோட்டத்தை ஓடவிட்டால், வாயு புகும்போது அது மாறும் என்பது அவர் கணக்கு. வாயு வந்தது, முள் அசையவில்லை. அலுத்துப்போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார், முள் இறங்கியது. புகைத்துகள்கள் அயனிகளைப் பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைக் குறைத்திருந்தன. அவர் நாட்டவரான எர்ன்ஸ்ட் மெய்லி, அந்த நுண்ணிய மாற்றத்தைப் பெருக்கிக் காட்டும் குளிர் எதிர்மின்வாய்க் குழாயை உருவாக்கினார். 1940களில் செர்பெரஸ் நிறுவனம் அதைச் சந்தைப் பொருளாக்கியது. 1960களில் அமெரிக்காவின் டென்வரில், காற்றோட்டச் சாதன வியாபாரத்திலிருந்து வந்த டுவேன் பியர்சால், நிலைமின்சாரத்தை நீக்கும் கருவி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். அங்கேயும் ஒருவர் பிடித்த சிகரெட்டுதான் அளவுமானியைக் குழப்பியது. வீடுகளில் பேட்டரியில் ஓடும் புகையுணரி அந்த வழியில் வந்தது.

அறையின் கூரையில் வேலைசெய்த கருவியை அப்படியே டக்டுக்குள் வைக்க முடியவில்லை. அங்கே காற்று நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் அயனிகள் அடித்துச் செல்லப்படும். கருவி பொய்யாகக் கூவும், இல்லையென்றால் ஊமையாகிவிடும். தீர்வு எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். கருவியை டக்டுக்கு வெளியே ஒரு பெட்டியில் வைத்தார்கள். டக்டின் அகலம் முழுக்க ஒரு துளையிட்ட குழலை உள்ளே நீட்டினார்கள். துளைகள் காற்று வரும் திசையைப் பார்க்கும். பக்கத்தில் இன்னொரு சிறு குழல், காற்று திரும்பிப் போக. காற்றோட்டமே இரண்டுக்கும் இடையில் அழுத்த வேறுபாட்டை உண்டாக்கி, கொஞ்சம் காற்றைப் பெட்டிக்குள் தள்ளும். பம்ப் கிடையாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதுபோல அந்தச் சிறு காற்றை வைத்துக் கருவி முடிவு சொல்லும். இன்று பெரும்பாலான டக்ட் கருவிகளில் கதிரியக்கப் பொருள் இல்லை. ஒளி உமிழும் ஒரு டயோடு, அதன் நேர்ப்பார்வையில் படாமல் ஓர் ஒளியுணரி. புகைத்துகள் ஒளியைச் சிதறடித்து உணரியில் விழச் செய்தால் அலாரம்.

அலாரம் அடித்ததும் இந்தக் கருவி செய்யும் தலையாய வேலை, விசிறியை நிறுத்துவது. கூடவே டக்டை அடைக்கும் ‘டேம்பர்’ கதவுகளை மூடச் செய்வது. தீயை முதலில் கண்டுபிடிப்பது இதன் வேலை அல்ல. அதற்கு அறையிலேயே உணரி வேண்டும். டக்ட் கருவி இருக்கிறதே என்று அறைக் கருவியைக் குறைத்துக்கொள்கிறவர்கள் அதன் பிறப்பையே தவறாகப் புரிந்துகொண்டவர்கள். விசிறி நின்றிருக்கும்போது டக்டில் காற்று ஓடாது. ஓடாத காற்றிலிருந்து கருவிக்கு ஒரு சேதியும் வராது.

அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் வகுத்த என்எஃப்பிஏ 90ஏ விதி, நிமிடத்துக்கு 2,000 கன அடிக்கு மேல் காற்று அனுப்பும் அமைப்புகளில், வடிகட்டிக்குப் பின்னும் முதல் கிளைக்கு முன்னும் இந்தக் கருவி வேண்டும் என்கிறது. இந்தியாவில் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் ஐஎஸ் 2189 தரநிலையும் வழிகாட்டுகின்றன. விதி எழுதுவது ஒன்று, அது நடப்பது வேறொன்று. 1997 ஜூன் 13 அன்று தில்லி உபகார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். தரைத்தளத்து மின்மாற்றியில் பிடித்த தீ அவர்களைத் தொடவில்லை. படிக்கட்டு வழியாகவும் குளிர்சாதனக் குழாய்கள் வழியாகவும் ஏறிவந்த புகைதான் கொன்றது. 2011 டிசம்பர் 9 விடியலில் கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையின் அடித்தளத்தில் பிடித்த தீயின் புகை, மேல்தளங்களில் இருந்த ஏறக்குறைய 90 பேரின் உயிரைக் குடித்தது. அவர்களில் பெரும்பாலோர் எழுந்து ஓட முடியாத நோயாளிகள். இதை எழுதும்போதும் மனம் ஆறவில்லை.

கரிசல் சீமையின் ஆலையில் இந்தக் கருவியைப் பொருத்துகிறவருக்குக் கூடுதல் சவால்கள் உண்டு. ப்ளோ ரூமில் பஞ்சு பறந்து செல்லும் குழாய்க்கு இது பொருந்தாது. அங்கே பொறியின் அகச்சிவப்பு ஒளியைப் பிடித்து, எரியும் பஞ்சைக் கண் இமைக்கும் நேரத்தில் வேறு வழியில் திருப்பிவிடும் பொறியுணரிதான் சரி. ஹெச் பிளான்டில் நீர்த்தூவலுக்குப் பின் வைத்தால் ஒளியுணரி நீர்த்திவலையைப் புகையென்று எடுத்துக்கொள்ளும். வடிகட்டிக்கு முன் வைத்தால் குழலின் துளைகளைப் பஞ்சு அடைத்துவிடும். வடிகட்டியைத் தாண்டி, தூவலைத் தொடுவதற்கு முன் உள்ள நேரான இடம்தான் கிடைக்கும். வளைவுக்குப் பக்கத்திலும் வைக்க முடியாது. காற்று சுழன்று குழலுக்குள் ஒழுங்காகப் புகாது. ஆடிக் காற்று கிளம்பினால் வெளிக்காற்று வாயிலில் கரிசல் தூசியும் சேர்ந்துகொள்ளும்.

அதனால்தான் பராமரிப்பைப் பெரிதாக நினைக்கிறேன். தூசி படிந்த கருவி அடிக்கடி பொய் அலாரம் கொடுக்கும். ஒவ்வொரு முறையும் விசிறி நிற்கும், நூல் அறும், உற்பத்தி போகும். ஷிப்டில் யாராவது அலாரக் கட்டுப்பாட்டுப் பேனலில் அந்தக் கருவியை முடக்கிவைப்பார். பிறகு அதைத் திரும்ப உயிர்ப்பிக்க எல்லோரும் மறந்துபோவார்கள். முடக்கியவரைக் குற்றம் சொல்வதில் பயன் இல்லை. சுத்தம் செய்ய நேரமும் ஏணியும் கொடுக்காத நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் யாரும் எட்டாத இடத்தில் மாட்டிவிட்டு, கீழே அதன் நிலையைக் காட்டும் ஒரு விளக்குகூட வைக்காத கட்டடங்கள் பெருகிவருகின்றன.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. குழலையும் பெட்டிக்குள் உள்ள வலையையும் கழற்றி ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். பஞ்சாலையில் இதை ஆண்டுக்கு ஒருமுறை என்று தள்ளிப்போடக் கூடாது. பெட்டியின் மூடியும் ரப்பர் பட்டையும் காற்றுப் புகாமல் இறுகியிருக்க வேண்டும். இரு குழல்களுக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டை மானோமீட்டரில் அளந்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சோதனைப் புகையைச் செலுத்த வேண்டும். பேனலில் விளக்கு எரிந்ததோடு சோதனையை முடித்துக் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கமாகிவிட்டது. விசிறி அறைக்கு ஒருவர் நேரில் போய், பெல்ட் சுழல்வது நின்றதா, டேம்பர் கதவு முழுக்க மூடியதா என்று பார்த்து, நேரத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும். முடக்கிவைத்த கருவிகளை மறுபடி உயிர்ப்பித்ததையும் அதே பக்கத்தில் குறித்து, அடுத்த ஷிப்டு பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.