கடைமடைக் கணக்கு

கொற்கைக்கு வருகிறவர்கள் முத்தைத்தான் விசாரிப்பார்கள். பாண்டியர் துறைமுகம், 1968-69இல் தொல்லியல் துறை தோண்டிய குழிகள், கடல் விலகிப்போன கதை. வயல் வைத்திருக்கிற எங்களுக்கோ ஊர் என்றால் குளம். தாமிரபரணியின் குறுக்கே 1870களில் கட்டி முடித்த ஸ்ரீவைகுண்டம் அணையின் வடகால் தண்ணீர், பல ஊர்க் குளங்களைத் தாண்டித்தான் இங்கே வரும். மேலே எந்த ஊர்க் கரையில் உடைப்பு விழுந்தாலும் காய்வது நாங்கள்.

தாத்தா காலத்தில் குளத்தைக் காத்தது குடிமராமத்து. கோடையில், மடை திறந்து நீர் பாய்ச்சும் மடைக்குடும்பர் நாள் சொல்வார். ஒரு கோட்டை விதைப்பாட்டு நிலத்துக்கு இத்தனை ஆள் என்று பங்கு. கால்வாயில் கோரை அறுக்கணும், கரைக்கு மண் அணைக்கணும், மடையைச் செப்பனிடணும். குளத்தில் வெட்டிய கரம்பை மண்ணை வண்டியில் வயலுக்கு ஓட்டிக்கொள்ளலாம். உரக்கடை இல்லாத காலத்தில் அது லேசான லாபமில்லை.

இதைத்தான் இன்று மேடையில் ஊர் ஒற்றுமை என்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு இனிக்கவில்லை. பங்கு நிலக்காரருடையது, மண்வெட்டி பிடித்ததோ பெரும்பாலும் நிலமில்லாதவர். சென்னை மாகாணத்தின் 1858ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டமும் அப்படித்தான்: கரை உடையும் ஆபத்தில் கூப்பிட வேண்டியது உடலுழைப்பு வகுப்பு ஆண்களை. வழக்கமான மராமத்துக்கு வராதவரிடம் வேலை மதிப்பைப்போல் இரு மடங்கு வாங்கலாம் என்றும் ஒரு பிரிவு உண்டு. அந்தப் பிரிவு ஏட்டோடு கிடந்தது. வரியை வாங்குகிற சர்க்காரே குளத்தையும் பார்க்கட்டும் என்று குடியானவர் இருந்துவிட்டார், தப்பென்று சொல்வேனா? சர்க்காரோ சில்லறை வேலையெல்லாம் ஊர்ப்பொறுப்பு என்றது. நடுவில் குளம் மேடேறியது.

2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. செலவில் 10 சதவீதம் விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டியிருந்தது. மண்வெட்டி போய் பொக்லைன் வந்தது. நல்ல ஏற்பாடுதான், கைக்காசு போட்டவன் வெட்டிய ஆழத்தை அளந்து பார்ப்பான். ஆனால் அதற்கு முதலில் பாசனச் சங்கக் கூட்டம் ஒழுங்காக நடக்க வேண்டுமே! திருநெல்வேலிக்கு வடக்கே மானூரில் சுமார் 1,200 ஆண்டுப் பழமையான பாண்டியர் கல்வெட்டு இருக்கிறது. சபையில் எதை எடுத்தாலும் வேண்டாமென்று குறுக்கே நிற்பவருக்கு அது 5 காசு தண்டம் போடுகிறது. அதுவும் நிலமுள்ளவர்கள் சபைதான். ஆனாலும் அந்தத் தண்டம் எனக்குப் பிடிக்கும். எங்கள் பாசனச் சங்கத்தில் அதை வசூலித்தால், வடகாலில் ஒரு மைல் தூர்வாரிவிடலாம்.