தீவின் குரலும் மூன்று மாத விதியும்: பாம்பன் வானொலிப் பதிவுகளை முன்வைத்துப் புதுக்கோட்டைக் கரைக்கான ஓர் ஆய்வு

1. ஆய்வின் களம்

தன் பழமையைக் காப்பதில் புதுக்கோட்டைக்கு நீண்ட பழக்கம் உண்டு. சமஸ்தானக் காலத்திலேயே, 1910-இல், அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. 1929-இல் சமஸ்தானத்துக் கல்வெட்டுகள் அரச மரபு வாரியாகத் தொகுக்கப்பட்டு நூலாக வெளிவந்தன. குடுமியான்மலைப் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் பொறித்த இசைக் கல்வெட்டு, ஏழு பண்களின் சுர வரிசையை இன்றும் படிக்கத் தருகிறது. ஒலியை எழுத்தாக்கி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்துவரும் மண் இது.

இந்தக் கவனம் முழுவதும் உள்நாட்டுக்கே கிடைத்தது. சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று பாக் நீரிணையை ஒட்டிச் செல்லும் கரை, அறந்தாங்கிப் பகுதியோடு தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் இங்கே வந்து சேர்ந்தது. தஞ்சையின் ஆவணங்களில் அது நெல் விளையும் நாட்டின் ஓரம். புதுக்கோட்டையின் பழைய ஆவணங்களில் அதற்கு இடமே இல்லை. இரண்டு நிர்வாகங்களுக்கும் நடுவே விழுந்த இந்தக் கரையின் வரலாறு மக்கள் வாயில்தான் இருக்கிறது. வாய்மொழி வரலாற்றை எப்படிக் காப்பது என்ற கேள்விக்கு விடை தேட, தெற்கே பாம்பன் தீவைப் பார்க்க வேண்டும்.

2. தீவின் நினைவில் உள்ளவை

பாம்பன் தீவின் நவீன வரலாறு ஒரு பாலத்தில் தொடங்குகிறது. 1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. சென்னையில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலேறித் தலைமன்னார் போய், மறுபடி ரயிலேறிக் கொழும்பு சேர்ந்தார். தனுஷ்கோடியில் ரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயல் அத்தனையையும் வாரிக்கொண்டு போனது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட ரயிலும் அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரும் கடலோடு போனார்கள். பாலத்தின் தூண்களுக்கு மேலிருந்த பெரும்பகுதி சிதைந்தது, இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அது சீரமைக்கப்பட்டது. ஊரைத் திரும்ப எழுப்ப அரசு முன்வரவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்துவிட்டது.

இவ்வளவும் அச்சில் கிடைப்பவை. ரயில்வேயின் இழப்பு ரயில்வேயின் ஆவணத்தில் இருக்கிறது. பாலத்தின் கதை பொறியியல் நூல்களில் இருக்கிறது. வலையையும் வத்தையையும் இழந்த குடும்பம் மறுநாள் காலை எந்தத் திசையில் நடந்தது, யார் வீட்டுத் திண்ணையில் தங்கியது, மறுபடி கடலில் கால் வைக்க எத்தனை மாதம் பிடித்தது என்பவை எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. அவற்றைச் சொல்லும் வாய்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

3. கடல் ஓசை

2016 ஆகஸ்ட் 15 அன்று பாம்பனில் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கத் தொடங்கியது. மீனவருக்கென்றே நடத்தப்படும் வானொலி என்பது இதன் தனிச்சிறப்பு. பேசுவோரில் பெரும்பாலோர் மீனவக் குடும்பத்தினர். வானிலை, கடல் வளம், காலநிலை மாற்றம், அரசுத் திட்டங்கள், மீனவர் பாடல்கள் ஆகியவை நிகழ்ச்சிகளாகின்றன.

இந்த நிலையம் தன்னை ஆவணக் காப்பகம் என்று அறிவித்துக்கொண்டு பிறக்கவில்லை. கடலுக்குப் போகிறவருக்கு அன்றைக்கு வேண்டிய செய்தியைச் சொல்வதே அதன் வேலை. ஆயினும் ஒரு பெரியவரை ஒலிவாங்கி முன் உட்காரவைத்துக் காற்றைப் பற்றிக் கேட்டால், வாடையும் கொண்டலும் சோழகமும் கச்சானும் அவர் பேச்சில் வரிசையாக வரும். நீவாடு என்னும் கடல் நீரோட்டம் எப்போது திரும்பும், எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எந்த மீன் நிற்கும், அந்தப் பாரை அப்பா எப்படி அடையாளம் காட்டினார் என்று பேச்சு நீளும். பாசி எடுக்கும் பெண்ணிடம் கேட்டால், மரிக்கொழுந்துப் பாசி முன்பு எவ்வளவு கிடைத்தது, 1986-இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அமைந்த பிறகு 21 தீவுகளுக்குள் கால் வைக்கப் பட்ட பாடு என்ன என்பதெல்லாம் வரும். அன்றாடத்துக்காகப் பதியப்பட்டது பத்தாண்டில் வரலாறாகிறது. வரலாற்றுக்கென்று திட்டமிட்டு எடுக்கும் நேர்காணலில் மனிதர்கள் விறைத்துக்கொண்டு பேசுகிறார்கள். தம் ஊர்ப் பிள்ளை கேட்கும்போது அந்த விறைப்பு இல்லை. சமுதாய வானொலிப் பதிவின் முதன்மையான மதிப்பு இந்த இயல்பில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

4. மூன்று மாதம்

இந்தியாவில் சமுதாய வானொலிக்கு வழி திறந்தது 1995-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. அலைவரிசை பொதுச் சொத்து என்றது அது. 2004-இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். வந்தது. 2006-ஆம் ஆண்டு நெறிமுறைகள் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கொடுத்தன. அந்த நெறிமுறைகளில் இரண்டு விதிகள் வரலாற்று மாணவருக்கு மிக முக்கியமானவை.

ஒன்று, ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை ஒலிபரப்பான நாளிலிருந்து மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது. புகார் வந்தால் சரிபார்ப்பதற்கான விதி இது. நினைவைக் காப்பதற்கானது அல்ல. மூன்று மாதம் கழிந்தபின் ஒரு பதிவை வைத்திருப்பதும் அழிப்பதும் நிலையத்தின் மனத்தையும் அதன் கணினியில் மிச்சமிருக்கும் இடத்தையும் பொறுத்தது. இப்படி அழிப்பது புதிதல்ல. திருமயத்தில் குடுமியான்மலையைப் போன்றே ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் சைவ, வைணவக் கோயில்களுக்கு இடையிலான வழக்கின் முடிவைப் பொறிப்பதற்காக அதைச் செதுக்கி அழித்தார்கள் என்பர் கல்வெட்டறிஞர். வானொலி நிலையங்களில் நாடா தட்டுப்பாடாக இருந்த காலத்தில் பழைய பதிவின் மீதே புதிய பதிவை எடுத்ததும் இதே செயல்தான். அன்றைய அவசரம் நேற்றைய குரலைத் தின்றுவிடுகிறது.

மற்றொன்று, சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது என்பது. இதன் விளைவை ஆய்வாளர் மறக்கக் கூடாது. பாக் நீரிணை மீனவர் வாழ்வில் மிகக் கசப்பான பகுதி, எல்லை தாண்டியதாகப் பிடிபடுவதும் படகை இழப்பதும். அது செய்தி; ஆகவே அன்றன்றைக்கு அந்த ஒலிபரப்பில் இடம்பெற முடியாது. நாளை ஒருவர் இந்தப் பதிவுகளை மட்டும் கேட்டால், 2016-க்குப் பின் தீவு பெரும்பாலும் காற்றையும் பாசியையும் பாட்டையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தது என்று நினைத்துவிடக் கூடும். பதிவில் இல்லாதது ஏன் இல்லை என்ற குறிப்பும் காப்பகத்தில் இருந்தாக வேண்டும்.

5. எதிர்க்கரையின் வானொலி

கொழும்பில் வானொலி 1925 டிசம்பர் 16-இல் தொடங்கியது. திருச்சி வானொலி நிலையம் வந்தது 1939 மே 16-இல். திருச்சி நிலையம் வயலுக்கு ஆற்றிய தொண்டு பெரிது. அதன் பண்ணை நிகழ்ச்சிகளால் பரவிய ஆடுதுறை 27 நெல்லை ‘ரேடியோ நெல்’ என்றே தஞ்சை உழவர்கள் அழைத்தார்கள். கடலோர ஊர்களுக்கோ இலங்கை வானொலிதான் பக்கத்து வீட்டுக் குரல். பாட்டுக்காக அதைக் கேட்டதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள்.

வரலாற்று நோக்கில் அதன் மரண அறிவித்தல்களே பெரும் செல்வம் என்று சொல்வேன். இறந்தவர் பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், யாருடைய கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்கள், மருமக்கள், உடன்பிறந்தார், தகனம் எப்போது என்று ஒரு குடும்பத்தின் பரப்பு முழுவதும் அதில் விரியும். நெடுந்தீவில் பிறந்து, புங்குடுதீவில் வாழ்க்கைப்பட்டு, வவுனியாவில் இறந்த ஒரு பெண்ணின் பாதையை, எந்தப் பதிவேட்டையும் புரட்டாமல் இப்படியோர் அறிவித்தலால் வரைய முடியும். ஆண்டுக்கணக்கில் இவை சேர்ந்திருந்தால் யாழ்ப்பாணத் தீவகத்தின் இடப்பெயர்வு வரைபடமே கையில் கிடைத்திருக்கும். ஒலிபரப்பியவர்களுக்கு அது அன்றாடக் கட்டண அறிவிப்பு. காப்பதற்குரிய பொருளாக அதை யார் பார்த்திருப்பார்கள்?

2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காத்துவரும் நூலகம் நிறுவனம், வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறது. அச்சுக்குச் செய்ததை ஒலிக்கும் செய்யலாம் என்பதற்கு அது நம் மொழியிலேயே உள்ள சான்று. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழித் தீவுகளில் இது இன்னும் விரிவாக நடந்திருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பதிவுகள், பிபிசியின் பதிவுகள், கன்னா என்ற சிறு தீவில் வாழ்ந்த ஜான் லார்ன் கேம்பல் 1930-களிலிருந்து சேர்த்த பதிவுகள் ஆகியவற்றை ஒரே தளத்தில் சேர்த்து, 2010 முதல் யாரும் கேட்கும்படி வைத்திருக்கிறார்கள். தனி மனிதர், பல்கலைக்கழகம், ஒலிபரப்பு நிறுவனம் மூவரும் தத்தம் பெட்டியைப் பொதுவில் திறந்ததால் வந்த பயன் அது.

6. புதுக்கோட்டையில் உள்ள தீவு மக்கள்

புதுக்கோட்டைக்கும் இலங்கைத் தீவுக்கும் நேர் உறவும் இருக்கிறது. 1983-க்குப் பின் மண்டபம் வழியாக வந்த ஈழத் தமிழர்கள் தோப்புக்கொல்லை, லேணா விளக்கு, அழியாநிலை ஆகிய இடங்களிலுள்ள முகாம்களில் வாழ்கிறார்கள். படகேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்துவிட்டார்கள். பேச்சில் இரண்டு கரையும் கலந்துவிட்டது. கடந்து வந்த இரவு, விட்டுவந்த வளவு, வானொலியில் கேட்ட பெயர்கள் ஆகியவற்றை முதல் தலைமுறை சொல்லும்போதே பதிய வேண்டும். அதேபோல், கரையில் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் 2018 நவம்பர் 16-இல் வந்த கஜா புயலைப் பற்றிய நினைவு இன்னும் சூடாக இருக்கிறது. மின்சாரமும் கைப்பேசியும் நின்றுபோன அந்த நாட்களில் செய்தி எப்படி வந்தது, படகுகளை எப்படி மீட்டார்கள் என்பதை இப்போது கேட்டால் தேதியோடு சொல்வார்கள். இருபது ஆண்டு கழித்துக் கேட்டால் கிடைப்பது கதையாகத்தான் இருக்கும்.

7. செய்முறை

சுருக்கப்படாத ஒலிக் கோப்பாக, 24 பிட் தரத்தில் பதிய வேண்டும். வானொலிக்கு வெட்டித் தைத்த வடிவத்தோடு, வெட்டாத முழுப் பேச்சும் இருக்க வேண்டும். இருமல், இடைவெளி, குறுக்கே பேசும் மனைவியின் திருத்தம் எல்லாம் சேர்த்து. ஒவ்வொரு கோப்புடனும் நாள், ஊர், பேசியவர் செய்த தொழில், கேட்டவர் யார், எந்தக் கேள்விக்கு இந்த விடை என்ற குறிப்பு வேண்டும். இக்குறிப்பு இல்லாத ஒலிக்கோப்பு, ஊர் தெரியாத கல்வெட்டுத் துண்டுதான்.

ஒப்புதல் தனியாக எழுதப்பட வேண்டிய பொருள். முகாமில் வாழ்பவரின் குரல் பொதுவில் ஒலித்தால் அவருக்குத் தீங்கு வருமா என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். ‘இப்போது ஒலிபரப்பலாம்’, ‘என் காலத்துக்குப் பின் திறக்கலாம்’, ‘குடும்பத்துக்கு மட்டும்’ என்ற மூன்று வழியும் அவர் முன் வைக்கப்பட வேண்டும். சொன்ன பிறகு மனம் மாறினால் திரும்பப் பெறும் உரிமையும் வேண்டும்.

பிரதிகளைப் பொறுத்தவரை, உப்புக்காற்று படும் இடத்தில் ஒன்றை மட்டும் வைப்பது ஆபத்து. ஒன்று பதிவு செய்த ஊரிலும், ஒன்று புதுக்கோட்டை நகரிலும், ஒன்று சென்னையிலும் இருக்கலாம். தனி மனிதர் முயற்சியால் வளர்ந்த ஞானாலயா நூலகம் புதுக்கோட்டையிலும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னையிலும் அச்சுக்கு இந்தப் பணியைச் செய்துவருகின்றன. அவற்றின் அனுபவத்தை ஒலிக்கும் கேட்டுப் பெறலாம். 1964 புயலைப் பத்து வயதில் கண்டவர் இன்று எழுபதைத் தாண்டியவர். ஆகவே பட்டியல் வயதின் வரிசையில், மூத்தவரிடமிருந்து தொடங்க வேண்டும்.