ஒரு கோப்பு, இரண்டு பெயர்

யூனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்புக்கென்று சொந்தப் பெயர் கிடையாது. வட்டில் அதற்கு ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்குரிய 'ஐநோடு' என்ற குறிப்பில் கோப்பின் அளவு, உரிமையாளர், தேதி, தரவு கிடக்கும் இடம் எல்லாம் பதிவாகியிருக்கும்; பெயர் மட்டும் இருக்காது. பெயர் இருப்பது கோப்புறையில். பெயரையும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்த பதிவேடுதான் கோப்புறை. வீட்டில் ஒரு பெயரும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயருமாக வளரும் பிள்ளையைப் போல, ஒரே எண்ணுக்கு இன்னொரு பெயரையும் எழுதிவைக்கலாம். அப்படி எழுதுவதுதான் இணைப்பு; அதற்கான கட்டளை 'எல்என்'.

அந்தக் கட்டளை பிறந்தது நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில், பெல் ஆய்வுக்கூடத்தில். 1969-இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-7 கணினியில் யூனிக்ஸை எழுதத் தொடங்கினார்கள். சாய்கோடு போட்டுப் பாதை எழுதும் வசதி அப்போது இல்லை. கென்னின் கோப்பு ரிச்சிக்கு வேண்டுமென்றால், எல்லோருடைய கோப்புறைகளையும் தாங்கிய 'டிடி' வழியாக முதலில் கென்னின் கோப்புறைக்கு ஓர் இணைப்புப் போட வேண்டும். அதைப் பிடித்து உள்ளே இருக்கும் கோப்புக்கு இன்னோர் இணைப்பு. பிறகு முதல் இணைப்பை அழிக்க வேண்டும். ஆக மூன்று கட்டளைகள். அந்தச் சிரமத்தாலேயே உட்கோப்புறைகளை யாரும் பயன்படுத்தவில்லை.

யூனிக்ஸ் பிடிபி-11 கணினிக்குக் குடிபெயர்ந்தபோது பாதைப்பெயர் வந்தது, கட்டளை எளிதானது. 1971 நவம்பர் 3 என்று தேதியிட்ட முதல் கையேட்டிலேயே 'எல்என்' இருக்கிறது. கோப்பை அழிக்கும் 'ஆர்எம்' கட்டளைக்குப் பின்னால் ஓடும் இயங்குதள அழைப்பின் பெயர் 'அன்லிங்க்'. அழிப்பது என்றால் பெயரை அவிழ்ப்பதுதான். கடைசிப் பெயரும் போய், கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரலும் மூடிய பிறகே இடம் காலியாகும். இவ்வளவு நேர்மையாகப் பெயரிடப்பட்ட இன்னோர் அழைப்பை நான் பார்த்ததில்லை.

ஆனால் ஐநோடு எண் அந்தந்த வட்டுக்குள்தான் செல்லும். அடுத்த வட்டில் அதே எண் வேறொரு கோப்பைக் குறிக்கும். கோப்புறைகளுக்கு இணைப்புப் போட்டால், உள்ளே போனவர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வளையங்கள் உண்டாகும். 1983-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து வெளியான 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பு இந்த இரண்டு தடைகளுக்கும் வழி தந்தது: சிம்லிங்க், அதாவது குறியீட்டு இணைப்பு. சிம்லிங்க் எண்ணைப் பிடிப்பதில்லை, பாதையை எழுத்தாக மட்டும் சுமக்கிறது. அதனால் எந்த வட்டையும், எந்தக் கோப்புறையையும் காட்டும். மூலக்கோப்பு போய்விட்டால் வெற்றிடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். பலரும் இடறுவது ஓர் இடத்தில்: சார்புப் பாதை கொடுத்தால், அது இணைப்பு இருக்கும் கோப்புறையிலிருந்து கணக்கிடப்படும், நாம் கட்டளை அடித்த இடத்திலிருந்து அல்ல.

விண்டோஸ் விஸ்டாவில் 'எம்கேலிங்க்' என்ற பெயரில் சிம்லிங்க் போடும் கட்டளை வந்தபோது, பெயர்களைக் கொடுக்கும் வரிசை மாறியிருந்தது. 'எல்என்'னில் மூலக்கோப்பு முதலில். இங்கே புதுப்பெயர் முதலில்.

2012-இல் ஃபெடோரா 17 என்ற லினக்ஸ் பதிப்பு, பழம்பெரும் 'பின்' கோப்புறையில் இருந்தவற்றை 'யுஎஸ்ஆர்' கோப்புறைக்குள் கொண்டுபோனது. பழைய இடத்தில் ஒரு சிம்லிங்க்கை விட்டுவைத்தார்கள். அந்தப் பழைய முகவரியை முதல் வரியில் தாங்கிய ஷெல் நிரல்கள் ஓர் எழுத்தும் மாறாமல் அங்கே ஓடுகின்றன.