அரசாங்கம் எது வரைக்கும்? – ஊர் வேலையை ஊரே பார்த்த வரலாறு



மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேணும்னு நிர்வாகக் குழுவில் கேட்டார்கள். நம்ம குழுக்கள் தொடங்கின கதையை மூத்தவங்க எழுதுவாங்க. நான் அதுக்கும் முன்னாடி போகிறேன். ஊர் வேலையை ஊர்க்காரங்களே பார்த்த காலம் ஒன்று இருந்தது. அப்புறம் ஒவ்வொண்ணா அரசாங்கத்தின் கைக்குப் போனது. அதனால் என்ன நடந்ததுன்னு பார்த்தால், நம்ம சங்கத்துக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஊரும் சங்கமும் தாங்களே செய்யக்கூடிய வேலையை அவங்க கையிலேயே விட்டுடணும். அரசாங்கம் தனக்குன்னு உள்ள வேலையை ஒழுங்காப் பார்த்துக்கிட்டு, அந்த எல்லைக்குள் நிற்கணும். இதுதான் என் கருத்து.

சுவரில் எழுதின சட்டம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர்னு ஒரு ஊர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 919லும் 921லும் வெட்டினது. ஆயிரத்து நூறு வருஷம் ஆச்சு. ஊர் நிர்வாகத்துக்கு ஆள் எடுப்பது எப்படின்னு அதில் விவரமாக எழுதியிருக்கிறது.

ஊரை 30 குடும்பாகப் பிரித்தார்கள். குடும்பு என்றால் இப்போதைய வார்டு மாதிரி. தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். இதுதான் குடவோலை. ஏரியைப் பார்க்க ஏரி வாரியம், தோட்டத்துக்குத் தோட்ட வாரியம், பொன்னைச் சோதிக்கப் பொன் வாரியம் என்று தனித்தனிக் குழு. வயது 35க்கு மேல், 70க்குள் இருக்கணும். கடந்த 3 வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. கணக்குக் காட்டாதவர் வர முடியாது, அவருடைய நெருங்கின சொந்தக்காரரும் வர முடியாது. அரசனுடைய அதிகாரி ஒருத்தர் கூட இருந்தார். ஆனாலும் ஏரியையும் தோட்டத்தையும் நடத்தினது ஊர்ச் சபைதான்.

இதைப் பெருமையாகப் பேசுபவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அது பிராமணர் ஊர்ச் சபை. சொந்த நிலமும் வீடும் இருக்கிற, வேதம் படித்த ஆண்களுக்கு மட்டும்தான் அதில் இடம். வயலில் உழைத்தவங்களுக்கு இடமில்லை. பொம்பளைங்களுக்கு இடமே கிடையாது. அதனால் பழைய காலம் பொற்காலம்னு நான் சொல்லவில்லை. கணக்குக் கேட்பதையும், ஒரே ஆள் பதவியில் உட்கார்ந்துவிடாமல் பார்ப்பதையும் ஊரே செய்துகொள்ள முடியும் என்பதுக்கு இது சாட்சி. அவ்வளவுதான்.

ஏரிக்கு வந்த நிலை

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் எல்லாம் சேர்த்து சுமார் 39,000 இருக்கிறது. இவ்வளவையும் பராமரித்தது குடிமராமத்து. மழைக்கு முன்னாடி ஊர்க்காரங்க சேர்ந்து வரத்துக்காலைத் தூர் எடுப்பார்கள், கரைக்கு மண் போடுவார்கள், மடையைச் சரி பண்ணுவார்கள். ஏரிக்குள் சேர்ந்த வண்டல் மண்ணை வெட்டி வயலுக்கு அடிப்பார்கள். ஏரியும் ஆழமாகும், வயலுக்கும் உரமாகும். தண்ணீரை ஞாயமாகப் பிரித்து விட நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று ஆள் உண்டு. அறுவடையில் அவருக்கு நெல்லுதான் கூலி. இதிலேயும் குறை இருந்தது. கஷ்டமான வேலையெல்லாம் தாழ்த்தி வைக்கப்பட்ட ஜனங்க தலையில்தான் விழுந்தது.

வெள்ளைக்காரன் ஆட்சியில் ரயத்துவாரி முறை வந்தது. அரசாங்கம் ஒவ்வொரு விவசாயியிடமும் நேராக வரி வாங்கியது. ஊருக்குப் பொதுவாக இருந்த வருமானமும், ஏரிப் பராமரிப்புக்கு விட்டிருந்த மானிய நிலமும் குறைந்துபோனது. கையில் காசு இல்லாத ஊர் எதை வைத்து ஏரியைப் பார்க்கும்? ஏரிகள் கெட ஆரம்பித்ததும், 1858ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். வழக்கப்படி குடிமராமத்துக்கு வராதவர்களிடம் பணம் வசூலிக்க அதில் வழி வைத்தார்கள். வரும்படியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, வேலையை மட்டும் ஊர் செய்யணும்னு சட்டம் போட்டது. அது எப்படி நடக்கும்? நடக்கவில்லை.

சுதந்திரம் வந்த பிறகும் இது பெரிசா மாறவில்லை. 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரிந்தது. நம்ம ஏரியில் இருக்கிற வண்டலை நம்ம வயலுக்கு அள்ளவே அனுமதி வாங்கணும். 2017ல் அரசாங்கமே மறுபடி குடிமராமத்துன்னு பெயர் வைத்து, 100 கோடி ரூபாய் ஒதுக்கித் திட்டம் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் குடிமராமத்து என்றால் குடிமக்கள் செய்யும் மராமத்து. மதிப்பீடு போடுவது, பில் பாஸ் பண்ணுவது எல்லாம் ஆபீசில் இருந்தால், அந்தப் பேர் பொருந்துமா?

கூட்டுறவுச் சங்கமும் ஊராட்சியும்

விவசாயிங்க வட்டிக்காரர்களிடம் மாட்டி அழிவதைப் பார்த்து, பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி சென்னை அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். ஊர்க்காரங்களே சேமித்து, ஒருத்தருக்கொருத்தர் ஜாமீனாக நின்று, கடன் கொடுத்துக்கொள்ளும் சங்கம் வேணும் என்பது அதன் சாரம். 1904ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் இப்போதைய திருவள்ளூர் மாவட்டத்தில் திரூரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். நம்ம குழு செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

பிறகு என்ன ஆச்சு? அரசாங்கம் சங்கங்களில் பங்குப் பணம் போட்டது. பணம் போட்டவருக்கு அதிகாரம் வந்துவிடும் இல்லையா? 1976ல் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுக்களைக் கலைத்துவிட்டுத் தனி அலுவலர்களைப் போட்டார்கள். அடுத்த தேர்தல் 1996ல்தான் நடந்தது. இருபது வருஷம் உறுப்பினருடைய சங்கத்தில் உறுப்பினருக்கு ஓட்டு இல்லை. தன் சங்கம் என்ற நினைப்பு போய், அது கவர்மெண்ட் பேங்க்னு மனசில் பதிந்துவிட்டது. கவர்மெண்ட் பணம்தானே, தள்ளுபடி ஆகும்னு காத்திருக்கிற பழக்கமும் அதோட வந்தது.

பக்கத்தில் ஆந்திராவில் 1995ல் வேறு மாதிரி ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். அரசாங்கத்திடம் பங்குப் பணம் வாங்காத கூட்டுறவுச் சங்கம் தன் விதியைத் தானே எழுதலாம், தேர்தலைத் தானே நடத்தலாம், கணக்கைத் தணிக்கை செய்து உறுப்பினருக்குக் காட்டணும். அங்கே பெண்கள் குழுக்களின் கூட்டமைப்புகள் பல இந்தச் சட்டத்தில்தான் பதிவு செய்தன. அரசாங்கம் விலகி நின்றால் எல்லாம் கெட்டுவிடும் என்று சொல்பவர்களுக்கு இது ஒரு பதில்.

ஊராட்சிக் கதையும் இப்படித்தான். ரிப்பன் பிரபு 1882லேயே உள்ளாட்சியை மக்களிடம் விடணும்னு தீர்மானம் கொண்டு வந்தார். நம்ம மாநிலத்தில் 1970க்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் 1986ல் நடந்தது. அதற்கு அடுத்தது 1996. 73வது அரசியல் சட்டத் திருத்தம் 1993ல் அமலுக்கு வந்து, 5 வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல் கட்டாயம் என்று சொன்ன பிறகும், 2016ல் முடிந்த பதவிக் காலத்துக்கு 2019 கடைசியில்தான் தேர்தல் வந்தது. அதுவும் எல்லா மாவட்டத்திலும் இல்லை. மீதி மாவட்டங்களுக்கு 2021. இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர்தான். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? தலைவர் என்றால் வீட்டு வாசலில் நின்று கேட்போம். ஒரு அலுவலருக்குப் பல ஊர் பொறுப்பு. தேர்ந்தெடுத்த ஆள் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது. நஷ்டம் ஊருக்கு.

29 துறைகளை ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 11வது அட்டவணை சொல்கிறது. எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதை மாநில அரசு முடிவு செய்கிறது. டெல்லி எல்லா அதிகாரத்தையும் வைத்துக்கொள்கிறது, மாநிலத்துக்கு உரிமை வேணும்னு சென்னையில் இருந்து குரல் வருகிறது. ஞாயமான குரல்தான். அதே ஞாயம் சென்னைக்கும் ஊராட்சிக்கும் நடுவில் ஏன் இல்லை?

நம்ம குழுக்கள்

இப்போது நம்ம கதைக்கு வருகிறேன். 1989ல் தர்மபுரி மாவட்டத்தில், ஐ.நா.வைச் சேர்ந்த சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுக்களைத் தொடங்கியது. 1992ல் நபார்டு வங்கி நாடு முழுக்க 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்ப்போம்னு ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் மகளிர் திட்டம் 1997–98ல் வந்தது. அரசாங்கம் செய்த உதவியை மறக்கக் கூடாது. பயிற்சி கொடுத்தார்கள், வங்கிக் கதவைத் திறந்து விட்டார்கள். அது தேவையாக இருந்தது.

ஆனால் குழு நின்றது எதனால்? நம்ம சேமிப்பால். வாரம் 10 ரூபாய், 20 ரூபாய்னு போட்டோம். யாருக்கு முதலில் கடன், எவ்வளவு வட்டி, கூட்டத்துக்கு வராதவருக்கு என்ன அபராதம் என்று நாமே பேசி முடிவு பண்ணினோம். சொத்து ஜாமீன் இல்லாமல் வங்கி நம்மை நம்பியதுக்குக் காரணம், பக்கத்து வீட்டு அக்கா நம்மைக் கவனித்துக்கொண்டு இருந்ததுதான். எந்த அதிகாரியாலும் அதைச் செய்ய முடியாது.

மானியம் வருதுன்னு அவசரமாகச் சேர்ந்த குழுக்களையும் நாம பார்த்திருக்கிறோம். மானியம் கைக்கு வந்ததும் நோட்டு மூடிவிடும். 2021ல் கூட்டுறவு வங்கிகளில் குழுக்களுக்கு இருந்த சுமார் 2,756 கோடி ரூபாய் கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. கொரோனாவில் நொடித்துப் போனவங்களுக்கு அது பெரிய ஆறுதல். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தாலிக்கொடியை அடகு வைத்தாவது தவணை தவறாமல் கட்டி முடித்த குழு, கட்டியது நம்ம தப்போன்னு நினைக்கிற மாதிரி ஆயிடுச்சு. அந்த நினைப்பு வளர்ந்தால் எந்தக் குழுவும் நிலைக்காது.

இன்னொண்ணும் சொல்லணும். சில வருஷம் முன்னாடி ஒரு விழாவுக்கு, ஒவ்வொரு குழுவில் இருந்தும் 10 பேர் கட்டாயம் வரணும்னு எங்களுக்கு வாய்மொழியாக உத்தரவு வந்தது. வரலைன்னா அடுத்த கடன் கஷ்டம்னு ஜாடையாகச் சொன்னார்கள். ஒரு நாள் கூலி போச்சு. கைக்குழந்தையோடு வெயிலில் உட்கார்ந்தோம். நம்ம சேமிப்பில், நம்ம நாணயத்தில் கிடைக்கிற கடனுக்கு யாரோ ஒருத்தர் விழாவில் ஏன் கை தட்டணும்? உதவி பண்றவங்க உத்தரவு போடுறவங்களா மாறுவது இப்படித்தான் ஆரம்பிக்கும்.

அப்படின்னா அரசாங்கமே வேண்டாமா?

வேணும். நல்லாவே வேணும். ஊரை ஊரிடமே விட்டால், ஊரில் பலம் உள்ளவன் வைத்ததுதான் சட்டம் என்று ஆகிவிடும். உத்திரமேரூர் சபையில் நமக்கு இடம் இல்லை. இன்றைக்கு ஊராட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016ல் சட்டம் வந்ததால்தான் நாம் உட்காருகிறோம். எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் தானாகக் கொடுத்திருக்காது. தீண்டாமை, குழந்தைக் கல்யாணம், அடிக்கிற புருஷன், மிரட்டிக் கடன் வசூல் பண்ணும் கம்பெனி – இதிலெல்லாம் அரசாங்கம் தலையிடணும், வேகமாகவே தலையிடணும். ரேஷன், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் ஊர் தனியாக நடத்தக்கூடிய காரியம் இல்லை.

வரப்பு இருந்தால்தான் வயல். பலவீனமானவரைக் காப்பாத்துவதும், திருட்டைத் தண்டிப்பதும், பல ஊர் சேர்ந்த பெரிய வேலையும் அரசாங்கத்தின் வயல். ஏரி மடையை எப்போது திறப்பது, தெருவிளக்கை எங்கே போடுவது, சங்கப் பணத்தை யாருக்குக் கொடுப்பது என்பது நம்ம வயல். வரப்பைத் தாண்டி யார் வந்தாலும் கேட்கணும்.

கேட்கிற தகுதி நமக்கு இருக்கணும். அதுக்கு நாலு காரியத்தை நம்ம கூட்டமைப்பு முன்னால் வைக்கிறேன்.

ஒன்று, எந்தத் திட்டம் வந்தாலும் வராவிட்டாலும் சொந்தச் சேமிப்பு நிற்கக் கூடாது.

இரண்டு, பொறுப்பாளர்கள் 3 வருஷத்துக்கு ஒரு முறை மாறணும். கணக்குக் காட்டாதவர் மறுபடி பொறுப்புக்கு வரக் கூடாது.

மூன்று, குழுவுக்கு யார் உத்தரவு போட்டாலும் எழுத்தில் கொடுங்க என்று கேட்கணும். எழுதித் தர முடியாத உத்தரவை நிறைவேற்றவும் வேண்டாம்.

நான்கு, கிராம சபைக் கூட்டத்துக்குப் போகணும். கையெழுத்துப் போட்டு விட்டு வராமல், வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேட்கணும்.

நம்ம வேலையை நாம் செய்யாமல் விட்டால், அதைச் செய்ய ஒரு ஆபீஸ் வரும். வந்த ஆபீஸ் திரும்பிப் போனதாக நான் படித்த வரலாற்றில் அதிகம் இல்லை. அடுத்த கிராம சபையில் சந்திப்போம்.