செஞ்சியின் களஞ்சியமும் கருவூலமும்

வங்கிகளும் வணிக மன்றங்களும் நெருங்கி நிற்கும் வீதியையே நிதிமையம் என எண்ணிப் பழகிய நமக்கு, செஞ்சிக் கோட்டை வெறும் போர்க்களமாகவே தோன்றுகிறது. ஆயினும் நாயக்கர் காலத்தில் சுற்றுப்புற நாட்டின் வரி வந்து சேர்ந்த இடம் அதுவே. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிருஷ்ணப்ப நாயக்கரைக் காணவந்த இயேசு சபைக் குரு பிமென்டா, லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கல் நாட்டு நகர் எதுவும் இதற்கு ஈடன்று என்னும் கருத்துப்பட எழுதிச் சென்றார்.

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதில் இணைக்கிறது. இராஜகிரியின் அடிவாரத்தில், கல்யாண மகாலுக்கு அணித்தே, தடித்த சுவரும் வளைவுக் கூரையும் கொண்ட நெற்களஞ்சியம் நிற்கிறது. கருவூலமோ மலையுச்சியில் உள்ளது. ஆழ்ந்த பிளவொன்றை மரப்பாலத்தால் கடந்தே அவ்வுச்சியை அடையவேண்டும். பொன்னை எட்டாத உயரத்தில் வைத்தவர்கள் உச்சியிலும் ஒரு களஞ்சியம் கட்டத் தவறவில்லை. நிலவரி தானியமாகவும் வந்த காலத்தில் நெல்லே இருப்புத்தொகை. யோசேப்பு எகிப்தில் கட்டிய பண்டகசாலைகளைப் பற்றிப் பிரசங்கிப்போர் இக்கட்டடங்களை ஒருமுறை நேரில் காண்பது நலம்.

அவற்றின் மதிப்பு முற்றுகையில் விளங்கிற்று. 1677இல் சிவாஜி கைப்பற்றிய இக்கோட்டைக்கு, அவர் மைந்தர் இராஜாராம் 1689இன் இறுதியில் வந்து சேர்ந்தார். மறு ஆண்டே மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையிட்டார். 1692இன் இறுதியில் மராத்தியக் குதிரைப்படை வழிகளை மறித்தபோது பசியால் வாடியவர்கள் உள்ளிருந்தோர் அல்லர், வெளியே பாளயமிறங்கியிருந்தோரே. சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். 1698இன் தொடக்கத்திலேதான் கோட்டை வீழ்ந்தது.

நெல் இருந்தும் போர் நடத்தப் பணம் வேண்டியிருந்தது. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியர் ஆங்கிலக் கும்பினிக்கு விற்றனர். வாங்கியவர் சென்னையின் ஆளுநர் எலிகு யேல். பிற்காலத்தில் அமெரிக்காவின் யேல் கல்லூரிக்குப் பெயரளித்தவர் அவரே. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவுவரை நிலம் கும்பினிக்கு உரியது என்பது உடன்பாடு. குண்டு விழுந்த எல்லைக்குட்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் என வழங்கின. கடலூரும் அவ்வெல்லைக்குள் அடங்கிற்று. பீரங்கியைக் குறிபார்த்தவர்கள் வாங்கியவர்களே என்பதை மறத்தலாகாது! விற்றவர் முற்றுகையின் நெருக்கடியில் இருந்தார்; வாங்கியவரோ காத்திருக்க வல்லவர்.

திருச்சபை வரலாற்றைத் தரங்கம்பாடியில் 1706இல் தொடங்கும் நாம் இவ்விற்பனையைப் பெரும்பாலும் கடந்துசென்று விடுகிறோம். இது சரியன்று. அருட்பணி சென்ற வழி பல இடங்களில் கும்பினியின் பணம் முன்னரே திறந்துவைத்த வழியே. இந்த உறவு ஊழியத்திற்குப் பாதுகாப்பும் தந்தது, பழியும் தந்தது. செஞ்சியின் செல்வாக்கு குறைந்து, நவாபுகளின் ஆட்சி ஆற்காட்டுக்கு மாறிய பின்னர், கடற்கரையின் பணப்புழக்கம் கும்பினியின் கோட்டைகளைச் சுற்றியே வளர்ந்தது. செஞ்சிக் கோட்டை 2025இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டதும் மராத்தியரின் படையரண்களுள் ஒன்றாகவே. அதன் களஞ்சியக் கணக்கை எண்ணியன்று.

செஞ்சியின் பணமுடையால் கைமாறிய அந்த எல்லைக்குள்தான், 1717இல், சீகன்பால்கு கடலூரில் பள்ளி தொடங்கினார்.